கார் செட்: காசை எங்கே போடுவது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் விலையைக் கேட்டுவிட்டு, இருக்கிற வாகனத்தையே இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டுவோம் என்று முடிவெடுத்தவர்கள்தான் திருகோணமலைப் பக்கம் அதிகம். ஓடுகிற வாகனத்துக்குள் பாட்டாவது நன்றாகக் கேட்கட்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. கொழும்புக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் முழுக்க அதற்குள்தானே இருக்கிறோம். அதனால் இந்தப் பக்கம் முழுவதும் கார் செட்டுக்கே.

கேள்வி (உப்புவெளி வாசகர்): ஐயா, என்னிடம் இருப்பது 2014 டொயோட்டா அக்வா. ஜப்பானில் இருந்து வந்த செட் அப்படியே இருக்கிறது. எல்லாம் ஜப்பான் எழுத்து, ரேடியோவில் பாதி ஸ்டேஷன் பிடிக்காது. கடையில் 10 அங்குல அன்ட்ரொய்ட் செட் ஒன்றைக் காட்டி, "நாலு தர 45 வாட், இதைப் போட்டால் ஸ்பீக்கர் மாற்றவே தேவையில்லை" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: செட்டை மாற்றலாம், உங்கள் விஷயத்தில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த 45 வாட் கதையை நம்பி மாற்றாதீர்கள்.

முதலில் ரேடியோ. ஜப்பானில் எஃப்எம் வானொலி 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தது, பிற்பாடு 95 வரை நீட்டினார்கள். இலங்கையில் 88 முதல் 108 வரை போகிறது. உங்கள் செட்டுக்கு 90க்கு மேலே காது இல்லை, அதனால்தான் பல ஸ்டேஷன்கள் வருவதில்லை. இதற்கு 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்று சின்னப் பெட்டி ஒன்றை அன்ரெனா வயருக்கு நடுவில் போடுவார்கள். அது நம்முடைய அலைவரிசைகளைக் கீழே இறக்கி அந்த செட்டுக்குக் கொடுக்கும். மலிவு, வேலையும் செய்யும், ஆனால் திரையில் தெரிகிற எண் ஒன்று, உண்மையான எண் வேறொன்று. அதோடு நம்முடைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அதன் 14 மெகாஹெர்ட்ஸுக்குள் முழுதாக அடக்க முடியாது, ஏதாவது ஒரு பக்கம் வெட்டுப்படும். வலுவான ஒரு ஸ்டேஷன் பக்கத்து ஸ்டேஷனின் மேல் ஏறிக் கேட்பதும் உண்டு. இன்னொரு தொல்லை, இந்த ஜப்பான் செட்டுகளில் பல, பற்றறியை ஒரு தடவை கழற்றி மாட்டினாலே பூட்டிக்கொண்டு கோட் கேட்கும். ஆகவே உங்களுக்குப் புது செட் நியாயமான செலவுதான்.

இனி வாட் கணக்கு. மலிவான அன்ட்ரொய்ட் செட்டுகளுக்குள் அடிக்கடி காணப்படும் ஆம்ப் சில்லு, அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைப் பெருக்குகிற சில்லு, டிடிஏ7388. அதைச் செய்த நிறுவனத்தின் தாளிலேயே 45 வாட் என்பது உச்சபட்சம் என்று போட்டிருக்கிறது. அதே தாளில் 14.4 வோல்ட்டில் 26 வாட் என்றும் இருக்கிறது, அதுவும் ஒலி 10 சதவீதம் சிதைந்த நிலையில். 10 சதவீதச் சிதைவு என்றால் பாடகரின் குரல் கரகரக்கும், யாருக்கும் கேட்கும். இதற்குக் காரணம் சில்லு கெட்டது என்பதல்ல. காரின் 14.4 வோல்ட்டில் 4 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடிய உச்சமே கணக்குப்படி 26 வாட் அளவுதான். சில்லுக்குள் நட்டமாவதைக் கழித்தால் 18, 20 வாட்டில் நிற்கும். வோல்ட்டை உயர்த்துகிற பகுதி உள்ளே தனியாக இல்லாத எந்த செட்டும், பெட்டியில் 50 என்று போட்டிருந்தாலும் 60 என்று போட்டிருந்தாலும், விலை கூடிய கம்பனியாக இருந்தாலும், இதைத் தாண்டாது. அந்த இடத்தில் உங்கள் பழைய செட்டும் புது செட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். புது செட்டால் கிடைப்பது ரேடியோ, புளூடூத், வரைபடம், ரிவர்ஸ் கமரா, விளங்குகிற மொழி. சத்தத்தின் தரம் அதிலிருந்து அதிகம் வராது.

அப்படியென்றால் எங்கிருந்து வரும்? கதவிலிருந்து. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் முதலில் முகத்தைச் சுளிக்கிறார்கள், ஏனென்றால் கதவுக்குள் செய்கிற வேலை வெளியே தெரியாது, கூட வருகிறவருக்குக் காட்ட முடியாது. ஆனாலும் காசு போக வேண்டிய இடம் அதுதான். ஒரு ஸ்பீக்கர் முன்பக்கம் எவ்வளவு ஒலியைத் தள்ளுகிறதோ அதே அளவை, நேர் எதிராக, பின்பக்கமும் தள்ளுகிறது. கதவின் உள் பலகையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஜன்னல் மோட்டர் பூட்டுவதற்காக விட்ட பெரிய ஓட்டைகள் இருக்கும், அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். பின்பக்க ஒலி அந்த வழியாக முன்னால் வந்து முன்பக்க ஒலியை அழித்துவிடும். அழிந்துபோவது குறிப்பாக பேஸ், அதாவது ஆழமான ஒலி. ஓட்டைப் பானைக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிறையாது. இந்தக் கதவில் 200 வாட் ஆம்ப் போட்டாலும் பேஸ் நிறையாது.

ஆகவே கதவின் வெளித்தகட்டில், உள்ளிருந்து, அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டில் (ஒருவகைப் பிசுபிசுப்பான ரப்பர்) ஷீட்டை ஒட்டுங்கள். முழுவதையும் மூடத் தேவையில்லை, தகட்டின் நடுப்பகுதியில் நாலில் ஒரு பங்கை மூடினாலே அதிர்வு பெருமளவு அடங்கும். அடுத்து உள்பக்க ஓட்டைகளை அதே ஷீட்டால் மூடுங்கள், பெரிய ஓட்டையாக இருந்தால் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை வெட்டிப் பூட்டி அதன்மேல் ஒட்டலாம். கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன நீர்த்துளைகள் இருக்கும். அவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. மழைத்தண்ணீர் ஜன்னல் ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்குவது வழமை, இறங்கிய தண்ணீர் வெளியே போக அந்தத் துளைதான் வழி. நம்முடைய வடகீழ்ப் பருவ மழையில் அதை அடைத்துவிட்டால் ஒரு வருடத்தில் கதவு துருப்பிடிக்கும்.

கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற தார் டேப்பை மலிவு என்று வாங்கிக் கதவில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அதுவும் வெள்ளித் தாள், இதுவும் வெள்ளித் தாள். ஆனால் நம்முடைய சித்திரை வெயிலில் கடற்கரைப் பக்கம் நிறுத்திய காரின் கதவு கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும். தார் இளகி வடிந்து ஜன்னல் மோட்டரில் ஒட்டும், உள்ளே தார் மணம் வரும், அந்த மணம் இலேசில் போகாது. பியூட்டில்தான் என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, ஒரு துண்டை வாங்கி வெயிலில் தகட்டின் மேல் ஒட்டி வைத்துப் பாருங்கள்.

பிறகு முன்கதவு ஸ்பீக்கர்கள். குறைந்த கிரேடு ஜப்பான் கார்கள் பல முன்னால் இரண்டு ஸ்பீக்கரோடு மட்டும்தான் வருகின்றன, அதனால் பின்னாலும் போட வேண்டும் என்று தோன்றும். பின்னால் போடுகிற காசையும் முன்னால் போடுங்கள். பாட்டுக் கேட்பவர் முன்னால் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறார். பெட்டியில் வாட்டைப் பார்க்காமல் 'சென்சிட்டிவிட்டி' என்ற வரியைப் பாருங்கள், கொடுத்த வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதைச் சொல்வது அது. 88 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று 40 வாட்டில் தருகிற சத்தத்தை 91 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே தரும். தனி ஆம்ப் இல்லாமல் செட்டிலிருந்தே ஓட்டப் போகிறவருக்கு இந்த ஒரு எண் மற்ற எல்லா எண்ணையும் விடப் பெரிது. ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் இடையில் வைக்கிற வளையத்தை மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் வெட்டித் தருவார்கள், வேண்டாம், ஈரம் பட்டால் ஊதிப்போகும். பிளாஸ்டிக் வளையம் கிடைக்கிறது. பூட்டுவதற்கு முன் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, ஸ்பீக்கரின் காந்தத்தில் முட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புது செட் பூட்டும்போது இரண்டு விஷயத்தை நீங்களே பக்கத்தில் நின்று கேளுங்கள். ஒன்று, டொயோட்டாவின் செட் முகப்பு 200 மில்லிமீற்றர் அகலம், மற்றவர்களுடையது 178. பக்கவாட்டில் இடைவெளி விழும், அதற்கான சட்டம் பெட்டியில் இருக்கிறதா? இரண்டு, கூரை அன்ரெனாவுக்குள் சின்ன ஆம்ப் ஒன்று இருக்கும், அதற்கு செட்டிலிருந்து 12 வோல்ட் போக வேண்டும். அந்த வயரை மாட்டினார்களா? புது செட் போட்ட பிறகு ரேடியோ முன்னையை விட மோசமாகிவிட்டது என்று வருகிற முறைப்பாடுகளில் பல, இந்த ஒற்றை வயரை விட்டுவிட்டதால் வருபவைதான்.

கேள்வி (கிண்ணியா வாசகர்): 2008 டொயோட்டா அக்ஸியோ. நாலு சனல் ஆம்ப் போட்டேன். எஞ்சின் ஓடாதபோது சுத்தமாக இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணினால் 'ங்ங்' என்று ஒரு சத்தம், அக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அது உயர்கிறது. ஆம்ப் கூடாதா?

பதில்: ஆம்பைக் கழற்ற வேண்டாம். எஞ்சினின் வேகத்தோடு உயர்கிற சத்தம், பற்றறியைச் சார்ஜ் பண்ணுகிற ஒல்டர்னேட்டரிலிருந்து வருகிறது, அது உள்ளே நுழைகிற வாசல் பெரும்பாலும் எர்த் வயர்தான். செட்டின் எர்த் ஓரிடத்தில், ஆம்பின் எர்த் வேறிடத்தில், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் வோல்ட் வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசம் செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரின் உலோக உறை வழியாக ஓடிப் பாட்டோடு சேர்ந்துவிடும்.

ஆம்பின் எர்த்தை எங்கே அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சீட் பெல்ட் போல்ட்டிலோ, பெயின்ட்டின் மேலேயே ஒரு ஸ்குரூவிலோ அடித்திருந்தால் அதுதான் குற்றவாளி. சீட் பெல்ட் போல்ட் உயிரைக் காப்பதற்கு, அதில் வயர் மாட்டவே கூடாது. ஆம்புக்குப் பக்கத்தில், அரை மீற்றருக்குள், வாகனத்தின் தடித்த தகட்டில் பெயின்ட்டை வெள்ளி தெரியச் சுரண்டி, வளைய டெர்மினல் போட்டு, நட்டும் போல்ட்டும் கொண்டு இறுக்குங்கள். எர்த் வயர் பற்றறியிலிருந்து வருகிற வயரின் அதே தடிப்பாக இருக்க வேண்டும். இறுக்கிய பிறகு சுரண்டிய இடத்துக்கு மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூசிவிடுங்கள். கிண்ணியாவில் உப்புக் காற்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலும் குடாவும் சூழ்ந்த ஊரில், பூசாமல் விட்ட எர்த் ஒரு பருவ மழையில் பச்சை பூத்து, இன்று போன சத்தம் திரும்பவும் வரும். வயர்களை முறுக்கி டேப் சுற்றுவதும் இங்கே நிற்காது, கிரிம்ப் பண்ணி, அதாவது உலோகக் குழலில் வைத்து நெரித்து, சூட்டில் சுருங்குகிற குழாயைப் போடுங்கள்.

எர்த் சரியாக இருந்தும் சத்தம் போகவில்லை என்றால், ஆர்சிஏ வயரும் பற்றறி வயரும் ஒரே பக்கத்து மிதியடிக்குக் கீழே சேர்ந்து ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் போக வேண்டும், குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சத்தத்தை வடிகட்டுகிறது என்று ஒரு சின்ன உருண்டை விற்பார்கள், அதைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள், பேஸையும் கொஞ்சம் தின்றுவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். பற்றறியிலிருந்து ஆம்புக்கு வரும் வயரில் பியூஸ் எங்கே இருக்கிறது? ஆம்பில் இருக்கிறது என்றால் போதாது. பற்றறியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் ஒரு பியூஸ் கட்டாயம் வேண்டும். அந்த வயர் எஞ்சின் பக்கத் தகட்டைத் தாண்டி உள்ளே வருகிறது. துளையில் ரப்பர் இல்லாமல் தகடு வயரை அறுத்துத் தொட்டுவிட்டால், பற்றறியின் முழுச் சக்தியும் அந்த இடத்தில் இறங்கும். ஆம்பில் இருக்கிற பியூஸுக்கு அது தெரியவே தெரியாது, வயர் எரியும், அதோடு வாகனமும் எரியும். தயவுசெய்து இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றைக்கே பொனெட்டைத் திறந்து பாருங்கள்.

வயரையும் பாருங்கள். மலிவு 'கிட்' பெட்டிகளில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். அதே தடிப்பில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும், உப்புக் காற்றில் சீக்கிரம் கெடும். நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அப்படியென்றால் அடுத்த தடிப்புக்குப் போங்கள், அல்லது செம்பு வயரே வாங்குங்கள்.

கேள்வி (மூதூர் வாசகர்): அண்ணா, நான் ஓட்டோ ஓடுகிறேன். பின் சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைத்து இரண்டு 6க்கு 9 ஸ்பீக்கரும் ஆம்பும் போட்டிருக்கிறேன். காலையில் பற்றறி இறங்கிவிடுகிறது. பெரிய பற்றறி போட்டால் சரியா?

பதில்: தம்பி, பெரிய பற்றறி பெரிய தண்ணீர்த் தாங்கி மட்டும்தான், அதை நிரப்புகிற குழாய் பெரிதாகவில்லை. ஓட்டோவின் சார்ஜிங் காரோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சின்னது. ஹெட்லைட்டும் எரிந்து, ஸ்டாண்டில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டும் போட்டால், ஓடும்போது நிரம்புவதை விட நிற்கும்போது போவது கூட. முதலில் ராத்திரியில் ஆம்ப் முழுதாக அணைகிறதா என்று பாருங்கள். ஆம்பை எழுப்புகிற ரிமோட் வயரை நேரே பற்றறியில் கொடுத்திருந்தால் அது விடிய விடிய விழித்திருக்கும், காலையில் பற்றறி இறங்குவதற்கு அதுவே போதும். அந்த வயர் செட்டின் நீல வயரிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் சாவிச் சுவிட்சிலிருந்தாவது வர வேண்டும்.

ஆம்பையே எடுத்துவிட்டு, சென்சிட்டிவிட்டி கூடிய ஸ்பீக்கர் இரண்டை செட்டிலிருந்து நேரே ஓட்டினால் உங்கள் ஓட்டோவுக்கு அது தாராளம். அந்தப் பெட்டி பயணியின் காதுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. 85 டெசிபலில் 8 மணித்தியாலம் என்பதுதான் தொழிற்சுகாதாரக்காரர்கள் வைத்திருக்கும் எல்லை. அதற்கு மேல் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 94க்கு ஒரு மணித்தியாலம், 100க்குக் கால் மணித்தியாலம். பயணி பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவார், நாள் முழுக்க அங்கேயே இருப்பது நீங்கள். உங்கள் காதை நினைத்து இதைச் சொல்கிறேன்.

கேள்வி (நிலாவெளி வாசகி): சுசுகி வகன் ஆர் வைத்திருக்கிறோம். செட் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஸ்டீயரிங் சுவிட்சும் கமராவும் நன்றாக வேலை செய்கின்றன, அதை எடுக்க விருப்பமில்லை. ஆனால் அப்பாவுக்கு நாதஸ்வரக் கச்சேரி கேட்கப் பிடிக்கும், தவில் வெறும் 'டப் டப்' என்று கேட்கிறது என்று குறைப்படுகிறார். செட்டை வைத்துக்கொண்டே ஏதாவது செய்யலாமா?

பதில்: செய்யலாம் அக்கா. உங்கள் அப்பாவின் காது சரியாகச் சொல்கிறது. தவிலின் தொப்பிப் பக்கத்து ஒலி ஆழமானது, கதவின் அடிப்பாகம் அதைத் தாங்காமல் அதிர்கிறது. வலந்தலையில் விரல்கூடு படுகிற கூர்மையைப் பழைய காகித ஸ்பீக்கர் மழுக்கிவிடுகிறது. இரண்டும் போனால் எஞ்சுவது அந்த 'டப் டப்' தான்.

செட்டில் கை வைக்க வேண்டாம். உப்புவெளி வாசகருக்குச் சொன்ன கதவு வேலையை முன்கதவு இரண்டுக்கும் செய்யுங்கள். ஸ்பீக்கரை 'கொம்பொனென்ட்' வகையில் வாங்குங்கள், அதாவது ட்வீட்டர் (கூரிய ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) தனியாக வருவது. ட்வீட்டரைக் கண்ணாடிக்குப் பக்கத்து முக்கோணத்தில் பூட்டினால் நாதஸ்வரம் காலடியில் இருந்து கேட்காமல் முன் கண்ணாடிக்கு நேரே எழுந்து வரும். முன் தூண்களில் திரை ஏர்பேக் இருக்கிற வாகனங்களில் தூணின் மேல் எதையும் ஸ்குரூ அடிக்கக் கூடாது, விபத்தில் அந்த ட்வீட்டர் முகத்துக்கு வரும்.

இதற்கு மேல் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால், கையளவு நாலு சனல் ஆம்ப் ஒன்று, 'ஹை லெவல் இன்புட்' இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். செட்டிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரையே அது உள்ளே வாங்கிக்கொள்ளும். செட்டுக்குப் பின்னால் பொருந்துகிற சொக்கட் கடையில் கிடைக்கும், அதனால் வாகனத்தின் சொந்த வயர் ஒன்றையும் வெட்டத் தேவையில்லை. வெட்டுவேன் என்று சொல்கிறவரிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆம்பில் 'கெய்ன்' என்று ஒரு திருகு இருக்கும். பூட்டுகிறவர்கள் பலர் அதைச் சத்தம் கூட்டுகிற திருகு என்று நினைத்து முழுக்கத் திருப்பிவிடுவார்கள். செட்டிலிருந்து வருகிற மின்சாரத்தின் அளவை ஆம்புக்குப் பொருத்துவதற்கானது அது. கூடினால் ஒலி உச்சியில் வெட்டுப்பட்டு ட்வீட்டர் கருகும். சரியாக வைக்க ஒரு மல்டிமீற்றர் போதும். ஆம்ப் 4 ஓமுக்கு 50 வாட் என்றால், 50ஐ 4ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 14.1 வோல்ட். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, செட்டின் வொலியூமை நாலில் மூன்று பங்கு வைத்து, ஆம்பின் வெளியீட்டில் மீற்றர் 14.1 காட்டும் வரை கெய்னைத் திருப்புங்கள். அதோடு நிறுத்துங்கள். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் 'ஹை பாஸ்' (அதற்குக் கீழுள்ள ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) போட்டால் அது தாங்க முடியாத ஆழத்துக்குப் போகாமல் மற்றதைத் தெளிவாகப் பாடும். தொப்பியின் முழு ஆழமும் வேண்டுமென்றால் சீட்டுக்குக் கீழே வைக்கிற சின்ன சப் வூஃபர் (ஆழமான ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) ஒன்று சேர்க்கலாம், பெரிய பெட்டி தேவையில்லை.

வேலை முடிந்ததும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அப்பாவை அழைத்துப் போய் அவர் நன்றாக அறிந்த கச்சேரி ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். கடைக்காரர் போடுகிற பேஸ் பாட்டில் எந்த செட்டும் நன்றாகத்தான் இருக்கும். நாதஸ்வரம் வாகனத்தின் நடுவில் நிற்காமல் எங்கோ சிதறிக் கேட்டால், ஒரு பக்க ஸ்பீக்கருக்கு கூட்டலும் கழித்தலும் மாறிப் போயிருக்கிறது. ஒரு சாதாரண 1.5 வோல்ட் பென் டோர்ச் பற்றறியை ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொட்டால் தெரியும். பற்றறியின் கூட்டல் ஸ்பீக்கரின் கூட்டலில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும், மாறியிருந்தால் உள்ளே இழுக்கும். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி (தம்பலகாமம் வாசகர்): பிரியஸ் ஹைபிரிட். டிக்கியில் 12 அங்குல சப் வூஃபர் பெட்டி போடலாமா? ஹைபிரிட்டில் கை வைத்தால் பற்றறி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: போடலாம், கவனமாக. உங்கள் பிரியஸ் மூன்றாம் தலைமுறை என்றால் 12 வோல்ட் பற்றறி டிக்கியின் வலது மூலையிலேயே இருக்கிறது, ஆம்புக்கு வயர் இழுக்கும் வேலை மிச்சம். செம்மஞ்சள் நிற உறை போட்ட எந்த வயரையும் தொடக் கூடாது, அதில் ஓடுவது 200 வோல்ட்டுக்கும் மேல். டிக்கியின் தரையிலோ பின் சீட்டுக்குப் பின்னாலோ கண்ணை மூடிக்கொண்டு துளை போடக் கூடாது. அதைவிட முக்கியம், பின் சீட்டின் பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் துவாரம். பெரிய பற்றறி அந்த வழியாகத்தான் குளிர்ந்த காற்றை இழுக்கிறது. பெட்டியாலோ பையாலோ அதை மறைத்தால் பற்றறி சூடாகும், ஆயுள் குறையும். ஹைபிரிட் பற்றறியின் விலை உங்களுக்குத் தெரியும்.

'ரெடி' வெளிச்சம் இல்லாமல் வாகனத்தை நிறுத்தி வைத்து ஆம்பை ஓட விடாதீர்கள், அந்தச் சின்ன 12 வோல்ட் பற்றறி சீக்கிரம் இறங்கும், இறங்கினால் வாகனமே எழும்பாது. மூடிய பெட்டியில் 10 அங்குலம் ஒன்று உங்களுக்கு நிறையக் காணும். 12 அங்குலம் டிக்கியையும் சாப்பிடும், கண்ணாடியையும் நடுங்க வைக்கும்.

கேள்வி (திருகோணமலை நகர் வாசகர்): கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய ஜப்பான் ஸ்பீக்கர்கள் விற்கிறார்கள். வாங்கலாமா, புது மலிவுச் சாமானே நல்லதா?

பதில்: என் காசு என்றால் நல்ல நிலையில் உள்ள பழைய ஜப்பான் ஸ்பீக்கரைத்தான் வாங்குவேன். கரோசேரியா என்று எழுதியிருப்பதை யாரோ தெரியாத கம்பனி என்று விட்டுவிடாதீர்கள், பயனியர் நிறுவனம் ஜப்பானுக்குள் விற்கிற பெயர் அது. பெயரைப் பார்த்து மட்டும் எடுக்கவும் கூடாது, போலியும் இருக்கிறது.

கூம்பைச் சுற்றியிருக்கிற வளையம் ரப்பரா ஃபோமா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பழைய ஃபோம் நம்முடைய சூட்டில் பொடியாகிப்போகும், ரப்பர் நிற்கும். கூம்பின் இரு பக்கமும் நாலு விரலை வைத்து நேராக மெதுவாக உள்ளே அழுத்துங்கள், உள்ளே உராய்கிற சத்தம் வந்தால் அதன் கொயில் எரிந்தோ நகர்ந்தோ இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையில் மல்டிமீற்றர் கொண்டு போங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் 3.2க்கும் 3.8க்கும் நடுவில் காட்டினால் சரி. 2க்குக் கிட்டக் காட்டினால் அது ஏதாவது காரின் சொந்த ஆம்புக்கென்று செய்த ஸ்பீக்கராக இருக்கலாம். போஸ் நிறுவனத்தின் செட் போட்டு வருகிற நிசான், மஸ்டா வாகனங்களில் அப்படிக் குறைந்த ஓம் ஸ்பீக்கர்கள் உண்டு. அதைச் சாதாரண செட்டில் மாட்டினால் செட்டின் சில்லு சூடேறிப் போய்விடும்.

இரண்டையும் ஒரே சோடியாக வாங்குங்கள், பின்னால் ஒட்டியிருக்கும் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். திரும்பி வரும்போது காந்தம் இருக்கிற சாமானை வங்கி அட்டையோடு ஒரே பையில் போடாதீர்கள்.